முடுக்கும்போது மோட்டார் சைக்கிள் திணறுதல்: எரிபொருள் வழியைச் சோதிக்கும் முறை

முடுக்கும்போது திணறுதல் என்பது, நின்ற நிலையிலும் மெதுவான ஓட்டத்திலும் சீராக இயங்கும் மோட்டார் சைக்கிள் எஞ்சின், ஆக்சிலேட்டரைக் கூடுதலாக முறுக்கியதும் விட்டுவிட்டு எரிந்து இழுவை குறையும் கோளாறு ஆகும். பணிமனைகளில் இதை ‘மிஸ்ஸிங்’ என்றும், ‘வண்டி இழுக்கவில்லை’, ‘வண்டி திக்குகிறது’ என்றும் சொல்வர். எஞ்சின் கேட்கும் அளவு பெட்ரோல் கேட்கும் நேரத்தில் போய்ச் சேராமை இதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. லாரியையோ பேருந்தையோ முந்தும் நேரத்தில் இழுவை குறைந்தால் விபத்து நேரக்கூடும். காரணம் அறியாமல் கார்புரேட்டர், பிளக், பிஸ்டன் ரிங் என ஒவ்வொன்றாக மாற்றினால் பணம் வீணாகும். டேங்க் முதல் ஜெட் வரை பெட்ரோல் செல்லும் வழியை வரிசையாகச் சோதித்தால் பெரும்பாலும் எளிய செலவிலேயே பழுதைக் கண்டுபிடிக்கலாம்.

எரிபொருள் செல்லும் வழி

கார்புரேட்டர் உள்ள வண்டியில் பெட்ரோல் தன் எடையால் கீழிறங்குகிறது. டேங்க், பெட்ரோல் காக், காக்கினுள் உள்ள வலை வடிகட்டி, ரப்பர் டியூப், கார்புரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணம் என்பதே வரிசை. வீட்டு மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வைப் போல, கிண்ணம் நிறைந்ததும் மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடும். மட்டம் குறைந்ததும் திறக்கும்.

கிண்ணத்திலிருந்து மேலே செல்லும் பெட்ரோல், ஜெட் எனப்படும் நுண்துளைகளைக் கடந்து காற்றுடன் கலக்கிறது. கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்தின் மேலுள்ள வளிமண்டல அழுத்தம் பெட்ரோலை அங்கே தள்ளுகிறது. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. பெட்ரோல் இதைவிடக் குறைந்தால் மெலிந்த கலவை என்றும், கூடினால் செறிந்த கலவை என்றும் கூறப்படும். இரண்டிலும் வண்டி திணறும்.

முடுக்கும்போது மட்டும் ஏன்?

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் 100 சிசி வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், ஒரு மணி நேரத்தில் சுமார் 667 மில்லி, அதாவது நிமிடத்திற்கு 11 மில்லி பெட்ரோல் செலவாகும். அதே வண்டி 8 குதிரைத்திறனை முழுமையாக வெளிப்படுத்தும்போது நிமிடத்திற்குச் சுமார் 40 மில்லி வேண்டும். வழியில் பாதி அடைப்பு ஏற்பட்டு நிமிடத்திற்கு 25 மில்லி மட்டுமே வருகிறது எனக் கொள்வோம். மெதுவாக ஓட்டுபவருக்கு அடைப்பு இருப்பதே தெரியாது. இருவர் ஏறிக்கொண்டு மேட்டில் முறுக்கினால்தான் 15 மில்லி பற்றாக்குறை வெளிப்படும்.

அந்த நேரத்தில் கிண்ணத்தில் சேர்ந்திருக்கும் பெட்ரோல் சிறிது நேரம் ஈடுகொடுக்கும். எனவே திணறல் எப்போது தொடங்குகிறது என்பது முதல் துப்பு ஆகும்.

1. முறுக்கிய உடனேயே திணறினால், பழுது பெரும்பாலும் கிண்ணத்திற்குப் பிறகு, அதாவது ஜெட், ஊசி, ஸ்லைடு ஆகியவற்றில் இருக்கும்.
2. சிறிது தூரம் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு திணறினால், பழுது பெரும்பாலும் கிண்ணத்திற்கு முன்பு, அதாவது டேங்க் மூடி, காக், டியூப், மிதவையின் ஊசி வால்வு ஆகியவற்றில் இருக்கும்.

பிற கோளாறுகளிலிருந்து பிரித்தறிதல்

பெட்ரோல் பற்றாக்குறையில் இழுவை படிப்படியாகக் குறையும். ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் எஞ்சின் மீளும். பிளக், பிளக் மூடி, மின்கம்பி இணைப்பு ஆகியவற்றில் பழுது என்றால் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டதுபோலப் பட்டென்று விட்டுவிட்டு நிற்கும். மழையில் நனைந்தால் அது கூடும். எஞ்சின் ஓசை சீராக உயர்ந்தும் வண்டியின் வேகம் உயரவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள்.

வண்டியை முழு இழுவையில் ஓட்டி நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் பயன்தரும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் மெலிந்த கலவை. உலர்ந்த கரி படிந்திருந்தால் செறிந்த கலவை. போக்குவரத்து இல்லாத சாலையில் திணறல் தொடங்கும்போது சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்கலாம். நிலை மேம்பட்டால் பெட்ரோல் போதவில்லை. மேலும் மோசமானால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று குறைவு. அப்போது ஏர் ஃபில்டரையும், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் அளவுக்கு மீறி உயர்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

சோதனை வரிசை

1. டேங்க் மூடி: பெட்ரோல் இறங்க இறங்க அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்தால் டேங்கினுள் அழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்காது. வண்டி திணறி நின்றதும் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறக்கையில் ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிறகு வண்டி நன்றாக ஓடினால் மூடியே காரணம். துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

2. காக்கும் டியூபும்: எஞ்சின் ஆறிய பின் டியூபைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றிக் கண்ணாடிப் புட்டியில் விட்டு, காக்கை ஒரு நிமிடம் திறக்க வேண்டும். மேற்கண்ட கணக்குப்படி 40 மில்லி முழு இழுவையின் தேவை. நல்ல நிலையில் இதைப்போலப் பல மடங்கு வரும். 100 மில்லிகூட வராவிட்டாலோ, தாரையாகத் தொடங்கிச் சொட்டுச் சொட்டாகக் குறைந்தாலோ, மூடி, வலை வடிகட்டி, டியூப் ஆகியவற்றில் அடைப்பு உண்டு. எஞ்சினின் உறிஞ்சு விசையால் திறக்கும் காக் உள்ள வண்டிகளில், எஞ்சின் ஓடாதபோது பெட்ரோல் வராதது பழுது அன்று. ரிசர்வில் மட்டும் திணறினால் டேங்கின் அடியில் சேர்ந்த துருவையும் நீரையும் ஐயுற வேண்டும்.

3. மிதவைக் கிண்ணம்: கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் புட்டியில் பிடிக்க வேண்டும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே அடியில் முத்து முத்தாகத் தங்கும். செந்துகள் துருவைக் காட்டும். இரண்டும் இருந்தால் கார்புரேட்டரை மட்டும் துடைப்பது பயனற்றது. டேங்கையும் கழுவ வேண்டும்.

4. ஜெட்டுகள்: முன்னவை யாவும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டும். மெயின் ஜெட்டின் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரும், ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவும் இருக்கும். பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகத் துளையை அடைப்பதுண்டு.

ஆக்சிலேட்டர் நிலையும் பழுதான பகுதியும்

ஆக்சிலேட்டரின் ஒவ்வொரு நிலையிலும் கார்புரேட்டரின் வெவ்வேறு பகுதி முதன்மையாகச் செயல்படுகிறது. மூடிய நிலை முதல் கால் திறப்பு வரை ஸ்லோ ஜெட்டும் ஸ்லைடின் அடிவெட்டும், கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. பிடியில் சிறிய ஒட்டுத்தாளால் கால், அரை, முக்கால் எனக் குறியிட்டு ஓட்டிப் பார்த்தால் எந்த நிலையில் திணறுகிறது என்பது தெளிவாகும். வெற்றிடத்தால் ஸ்லைடு உயரும் வகையில், அதைத் தாங்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் ஸ்லைடு முழுமையாக உயராது. வண்டி மெதுவாக ஓடும், வேகம் பிடிக்காது.

கரிசல் நிலமும் மழைக்காலமும்

தென்காசி மாவட்டத்தின் குருவிகுளமும் அதன் கிழக்கேயுள்ள கோவில்பட்டியும் மானாவாரி வேளாண்மை மிகுந்த கரிசல் பகுதியைச் சேர்ந்தவை. கோடையில் உலர்ந்த மண்சாலைகளில் எழும் நுண்புழுதி ஏர் ஃபில்டரில் படிகிறது. டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தின் வடிகால் துளையையும் அது அடைத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் அப்பள்ளத்தில் தேங்கும் நீர், தேய்ந்த ரப்பர் வளையத்தின் வழியே டேங்கினுள் கசிகிறது. கோடையில் படிந்த புழுதி மழைக்காலத்தில் திணறலாக வெளிப்படுவது இவ்வாறுதான். மழை தொடங்குமுன் அந்தத் துளையை ஊதிச் சுத்தம் செய்வதும், ஏர் ஃபில்டரைக் குறித்த தவணைக்கு முன்பே பார்ப்பதும் இப்பகுதி வண்டிகளுக்கு நல்லது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. எத்தனால் நீரை ஈர்க்கும். ஓரளவு நீர் அதனுடன் கலந்தே இருக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். வண்டி நீண்ட நாள் நிற்கும்போது இது கவனிக்கத்தக்கது. எத்தனாலுக்கு ஏற்றதல்லாத பழைய ரப்பர் டியூபும் வளையங்களும் உப்பியோ வெடித்தோ போகலாம். அவற்றின் துகள்களும் ஜெட்டை அடைக்கும்.

எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசு விதிகளை நிறைவுசெய்ய, பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் கார்புரேட்டரை விட்டு உட்செலுத்து முறைக்கு மாறின. சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2009-இல் வெளியிட்ட கிளாசிக் 500 வண்டியில் அதற்கு முன்பே இம்முறை இருந்தது. இவற்றில் டேங்கினுள் உள்ள மின்பம்பு பெட்ரோலை உயர் அழுத்தத்தில் அனுப்புகிறது. பல வண்டிகளில் அது சுமார் 3 பார் ஆகும். சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி பம்பின் மெல்லிய ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃப்யூசையும் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஓசை கேட்டும் திணறினால் பம்பின் வடிகட்டி, அழுத்தம், இன்ஜெக்டர் ஆகியவற்றைக் கருவிகொண்டு சோதிக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன் பழுதுக் குறியீட்டைப் படிப்பதே முதல் வேலை. அழுத்தக் குழாயை வீட்டில் கழற்றக் கூடாது. பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்துள்ள பெட்ரோல்தான் என்பதால், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவது பம்பின் ஆயுளைக் குறைக்கும்.

தவிர்க்க வேண்டியவை

• ஜெட்டை ஊக்கு, கம்பி கொண்டு குத்தக் கூடாது. பித்தளைத் துளை அகன்று பெட்ரோல் செலவு நிரந்தரமாகக் கூடும். கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும்.
• டியூபை வாயால் உறிஞ்சக் கூடாது. நுரையீரலுக்குள் செல்லும் சிறிதளவு பெட்ரோலும் கடுமையான அழற்சியை உண்டாக்கும்.
• ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது. புழுதி உள்ளே சென்று சிலிண்டரையும் ரிங்கையும் தேய்க்கும்.
• பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள தீயையும் எட்டும். எனவே சோதனையைத் திறந்தவெளியில், அடுப்பு, பீடி, சூடான எஞ்சின் ஆகியவை அருகில் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.
• பழுது தீரும்வரை அந்த வண்டியில் பிற வாகனங்களை முந்துவதைத் தவிர்க்க வேண்டும்.