ஒரு பத்திக்குள் ஒரு கண்டுபிடிப்பு

2016 பிப்ரவரி 11 அன்று ‘ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில், ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ குழுவின் கட்டுரை வெளியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட கட்டுரை. அதன் ஆய்வுச் சுருக்கமோ ஒரே பத்தி. ஐன்ஸ்டைன் புகழ், நூறாண்டுத் தேடல் என்ற ஆலாபனையெல்லாம் அதில் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே தேதியும் நேரமும்: 2015 செப்டம்பர் 14, உலகப் பொது நேரம் 09:50:45. லைகோவின் இரண்டு கருவிகளிலும் ஒரே சமயத்தில் ஒரு சமிக்ஞை சிக்கியது. அதன் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 வரை ஏறியது.

இது வெறும் இரைச்சலாக இருக்கலாமே என்று வாசகர் கேட்பார் அல்லவா? இரைச்சலே இப்படி வேஷம் போடுவது 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட நடக்காது என்று அடுத்தே பதில் வருகிறது. பிறகு அந்தச் சமிக்ஞையை எழுப்பிய கருந்துளைகள்: ஒன்று 36 சூரிய நிறை, மற்றது 29, இணைந்து உருவானது 62. குறைகிற மூன்று சூரிய நிறை ஈர்ப்பலைகளாக வெளியேறிவிட்டது. எல்லா நிறைகளுக்கும் பிழை வரம்பு உண்டு. ‘இதுவே முதல்முறை’ என்ற பெருமை கடைசி வாக்கியத்துக்குத்தான் வருகிறது. அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

நம் ஆய்வேடுகளின் சுருக்கங்கள் பெரும்பாலும் நேர்மாறு. பாதி இடத்தைத் துறையின் முக்கியத்துவம் தின்றுவிடும். கடைசியில் ‘முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி. என்ன முடிவு என்பதைச் சொல்லத்தானே அந்தப் பத்தி!

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் சுருக்கத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம். முழுக் கட்டுரைக்குப் பல சமயம் சந்தா வேண்டும். அவசரத்தில் இருக்கும் மருத்துவர் அந்தப் பத்தியோடு நின்றுவிடக்கூடும். 1987-இல் ‘ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில், நோக்கம், முறை, நோயாளிகள், முடிவு எனத் தனித்தனித் தலைப்பிட்டு எழுதும் முறை முன்வைக்கப்பட்டது. தலைப்பு போட்டுவிட்டால் அதன்கீழ் எதையாவது சொல்லியே ஆக வேண்டும்; மழுப்ப முடியாது.

சுருக்கம் நீளமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2011-இல் நியூட்ரினோக்கள் ஒளியை முந்தியதாகப் பரபரப்பு எழுந்தபோது, அதைக் குவாண்டம் விளைவு ஒன்றால் விளக்க முடியுமா என்று இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரியும் வேறு மூவரும் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டார்கள். சுருக்கத்தில் இரண்டே சொற்கள். ‘அநேகமாக முடியாது’ என்பது அவற்றின் பொருள்.

எண்கள்தான் பெரிய கண்ணி. ஆறு முன்னணி மருத்துவ இதழ்களைச் சோதித்து 1999-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கட்டுரையோடு ஒத்துப்போகாத அல்லது கட்டுரையிலேயே இல்லாத தகவல் கொண்ட சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. மாநாட்டுக்கு முன்கூட்டியே அனுப்பிய சுருக்கத்தை அப்படியே ஒட்டினால் இந்த விபத்து எளிதில் நேரும்: அட்டவணையில் நோயாளிகள் கூடியிருப்பார்கள், சுருக்கத்தில் பழைய கணக்கே நிற்கும். அதனால்தான் அனுபவஸ்தர்கள் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுகிறார்கள், பக்கத்தில் அட்டவணைகளை விரித்து வைத்துக்கொண்டு.