முதியோர் வாழும் வீட்டில் கோழி வளர்ப்பு



சம்மாந்துறைப் பகுதியில் வயலும் தோட்டமும் செய்வோர் வளவிலே சில கோழிகளையும் வளர்ப்பது வழக்கம். மகளின் வீட்டிலே பெற்றோர் தமது முதுமையைக் கழிப்பதும் இங்கு வழக்கமாதலின், கோழிக்குத் தீனிடுவதும் முட்டை எடுப்பதும் பல வீடுகளில் மூத்தம்மாவின் பொறுப்பாகவே உள்ளன. இது அவர்களுக்கு நன்மையே. இங்கிலாந்தின் கேற்ஸ்கெட் பகுதியில், முதியோரின் தனிமையைப் போக்குவதற்காகவே அவர்களிடம் கோழிகளை ஒப்படைக்கும் திட்டமொன்று 2010களில் தொடங்கப்பட்டது. ஆகவே, கோழிகளை விற்றுவிடும்படி நாம் கூறவில்லை. முறையாக வளர்க்கும்படியே கூறுகின்றோம்.

ஆபத்து யாது?

நோயற்றதாய்த் தோன்றும் கோழியின் குடலிலும் சல்மொனெல்லா என்னும் கிருமி இருத்தல் கூடும். அது எச்சத்துடன் வெளிப்பட்டு இறகிலும், முட்டையோட்டிலும், தீன் பாத்திரத்திலும் ஒட்டிக்கொள்ளும். கை வழியாக வாயை அடைந்தால் 6 மணி முதல் 6 நாட்களுக்குள் காய்ச்சலும், வயிற்றுவலியும், வயிற்றோட்டமும் உண்டாகும். இளைஞர் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறுவர். 65 வயதைக் கடந்தோரின் உடலிலோ கிருமி இரத்தத்திற் கலந்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம்.

செய்ய வேண்டியவை

1. விறாந்தையிலும் குசினியிலும் கோழிகளை அடைக்கலாகாது. முதியோர் படுக்கும் இடத்திற்கு அப்பால் கூட்டை அமைத்து, தரையில் உலர்ந்த உமி பரப்புக.

2. கூடு துப்புரவாக்கும் வேலையை இளையோரே செய்க. காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சுக்குக் கேடு. நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கூட்டுக.

3. கோழியையோ முட்டையையோ தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. நீரிழிவுள்ள முதியோர் வெறுங்காலுடன் கோழி உலாவும் இடத்தில் நடத்தலாகாது. காலிற்படும் சிறு காயமும் புண்ணாகிவிடும். நடைபாதையில் எச்சம் கிடந்தால் வழுக்கி விழவும் நேரிடும்.

4. பலம் தருமென்று நம்பி முதியோருக்கு அரை அவியல் முட்டையும் முட்டைக் கோப்பியும் கொடுப்பது அன்பினால் நேரும் தவறு. மஞ்சட்கரு இறுகும்வரை அவித்த முட்டையும் அதே சத்தைத் தரும்.

5. பச்சை எச்சத்தைக் கீரைப் பாத்திகளில் இடலாகாது. நன்கு மக்கவைத்தே இடுக. மக்காத எச்சத்தை நிலத்தில் இட்டிருப்பின், மண்ணைத் தொட்டு வளரும் மரக்கறிகளை 120 நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யாதிருத்தல் நன்று.

6. பல கோழிகள் திடீரென இறந்தால் அவற்றை முதியோர் தொட விடாதீர். நோயுற்றவற்றை அறுத்து உண்ணாதீர். 1997இல் ஹொங்கொங்கில் பறவைக் காய்ச்சல் தொற்றிய 18 பேரில் 6 பேர் மாண்டனர். தாமதமின்றி அரச மிருக வைத்தியருக்கு அறிவிக்குக.

முதியோருக்கு வயிற்றோட்டம் கண்டால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று காத்திராதீர். ஜீவனி கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்து, அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. வீட்டிற் கோழி உண்டென்பதையும் வைத்தியரிடம் கூறுக.

கூடு சற்று எட்டவும், சவர்க்காரம் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்குமாயின், மூத்தம்மாவின் கையால் கோழிகள் இன்னும் பல்லாண்டு தீன் பெறும்.