தமிழில் தட்டுவோருக்கு எந்த ஸ்விட்ச்?

ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் இருந்தால் அது மெக்கானிக்கல் கீபோர்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரணக் கீபோர்டில் எல்லா விசைகளுக்கும் பொதுவாக ஒரே ரப்பர் விரிப்புதான் இருக்கும். விசையை அடிவரை அழுத்தினால்தான் அதில் எழுத்து விழும். மெக்கானிக்கல் ஸ்விட்சுக்குள் ஒரு பிளாஸ்டிக் தண்டு, ஒரு ஸ்பிரிங், இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. தண்டு கீழே இறங்கும்போது தகடுகள் தொட்டுக்கொள்கின்றன, எழுத்து பதிகிறது. வழக்கமான ஸ்விட்சில் தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். எழுத்து பதிவதோ ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே. விரல் பாதி வழியில் திரும்பிவிடலாம் என்பதுதான் இந்தக் கீபோர்டின் முழு ஆதாயமும். பழகாதவர்கள் அடிவரை குத்தியே தட்டுவார்கள், அது வேறு விஷயம்.

இன்று சந்தையில் இருக்கும் பெரும்பாலான ஸ்விட்சுகளுக்கு மூலம் ஜெர்மனியில் இயங்கும் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வரிசை. அதன் காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அளவில், அதே வடிவில் ஸ்விட்சுகளைச் செய்து குவித்தன. விலை இறங்கியது. செர்ரி வைத்த நிறப் பெயர்களும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. சிவப்பு என்றால் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும் வகை. பழுப்பில் பாதி வழியில் ஒரு சிறு மேடு விரலில் தட்டுப்படும். நீலத்தில் அந்த மேட்டோடு பால்பாயின்ட் பேனாவை அமுக்கியது போன்ற ‘டிக்’ சத்தமும் சேர்ந்துகொள்ளும். சிவப்பைப் போலவே வழுக்கும் கறுப்புக்கு ஸ்பிரிங் இறுக்கம் அதிகம். செர்ரியின் கணக்கில் சிவப்பை அழுத்த 45, பழுப்புக்கு 55, நீலத்துக்கும் கறுப்புக்கும் 60 சென்டிநியூட்டன் விசை வேண்டும். ஒரு சென்டிநியூட்டனை ஒரு கிராம் எடை என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. பல பெட்டிகளில் கிராம் என்றே அச்சிட்டிருக்கும்.

கொங்கு நாட்டு அலுவலகங்களில் பலர் பெயர் தெரியாமலேயே நீல ஸ்விட்சில் வேலை பார்த்திருப்பார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் ‘டிவிஎஸ் கோல்டு’ கீபோர்டு வங்கி, பில் போடும் கவுன்டர், ஜாப் டைப்பிங் கடை என எங்கும் பரவியது. செர்ரியின் நீல ஸ்விட்சைப் பொருத்தி வந்ததற்காகவே ஆர்வலர்களிடமும் அது பேர் வாங்கியது. 2010இல் ரூபாய்க்குத் தனிக் குறியீடு வந்தபின் அந்தக் குறியீட்டோடு ‘பாரத்’ என்ற மாடல் வெளிவந்தது. விளையாட்டுப் பிரியர்களுக்காக வண்ண விளக்கு மினுக்கும் மாடல்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, விளக்கும் இல்லாமல் விளம்பரமும் இல்லாமல் இந்த நாட்டில் மெக்கானிக்கல் கீபோர்டைப் பழக்கப்படுத்தியது அதுதான். ஆனால் ‘எல்லோரும் வாங்குகிறார்கள்’ என்பதை வைத்துத் தமிழில் தட்டுபவர் நீலத்தை எடுத்துவிடக் கூடாது. காரணம் தமிழின் இரட்டை மெய்.

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டைத் தொடர்ந்து அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை முறை தமிழ்99. இதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் இருக்கும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். பொள்ளாச்சி என்று அடிக்க வேண்டுமானால் ப, ஒ, ள, ள, ஆ, ச, ச, இ என்று எட்டுத் தட்டு. அதில் ஒரே விசையை உடனுக்குடன் இரண்டாம் முறை தட்டும் வேலை இரண்டு இடத்தில் வருகிறது. திருப்பூரில் ப, கோயம்புத்தூரில் த, சத்தியமங்கலத்திலும் த என இந்த இரட்டைத் தட்டு இல்லாமல் ஊர்ப் பட்டியல்கூட எழுத முடியாது.

நீல ஸ்விட்ச் இங்கேதான் காலை வாரும். அதில் எழுத்து பதியும் புள்ளி ஓரிடம். விசை மேலே வரும்போது அடுத்த தட்டுக்குத் தயாராகும் புள்ளி அதற்கும் மேலே இன்னோரிடம். ‘டிக்’ சத்தத்தை எழுப்பும் அமைப்பு அப்படி. ஆகவே இரண்டாவது ‘ள’ விழ வேண்டுமென்றால் விரல் நன்றாக மேலே எழுந்து மறுபடி இறங்க வேண்டும். வேகமாகத் தட்டுபவருக்கு ‘பொளாச்சி’ என்று விழ வாய்ப்புண்டு. சிவப்பு வகையில் இந்த இரண்டு புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பதால் விரல் லேசாக எழுந்தாலே போதும். தமிழ்99இல் நாள் முழுக்க எழுதுபவருக்குச் சிவப்பும் அதன் உறவுகளுமே பொருத்தம். பழுப்பு நடுவில் நிற்கிறது. அதன் மேடு அவ்வளவு சிறியது, சிலர் அதைச் ‘சுரண்டும் சிவப்பு’ என்றே கேலி செய்வார்கள். பழைய தட்டச்சு முறையிலேயே கணினியில் அடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே இரண்டு மெய்களுக்கும் இடையில் புள்ளிக்கான விசை வந்துவிடுகிறது.

அடுத்தது ஸ்பிரிங்கின் எடை. தமிழ்99இல் ச, ஞ, ண, ந, ய, ழ ஆறும் வலக்கைச் சுண்டுவிரலின் பங்கு. இருப்பதிலேயே பலம் குறைந்த விரலுக்கு இவ்வளவு வேலை. 60 கிராம் ஸ்விட்சில் நாளெல்லாம் அடித்தால் முதலில் முறையிடுவது அதுதான். கீபோர்டு முழுக்க 45 கிராம் வைப்பது ஒரு வழி. அந்த ஆறு விசைகளுக்கு மட்டும் இன்னும் இலகுவான ஸ்பிரிங் போடுவது மற்றொரு வழி.

இதற்கு நேர்மாறாக ஒரு கூட்டம் உண்டு. கோவை, ஈரோடு, கோபி பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் லோயர், ஹையர் தேர்வுகளை முடித்தவர்கள் அவர்கள். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் வேகம் வேண்டும். அதை எட்டியது தட்டச்சுப்பொறியில். ரிப்பனைத் தாண்டித் தாளில் எழுத்து சீராகப் பதிய ஒவ்வொரு விசையையும் ஓங்கி அடித்தே பழகிய கை. இலகுவான சிவப்பில் அந்தக் கை பக்கத்து விசையைச் சும்மா உரசினாலே வேண்டாத எழுத்து விழும். இவர்களுக்குக் கறுப்பு நல்லது; அல்லது, தட்டச்சு முறையிலேயே அடிப்பவரானால், நீலமே நல்லது.

சத்தம் என்பது தட்டுபவரைவிடப் பக்கத்தில் இருப்பவரின் பிரச்சினை. கோவையின் சரவணம்பட்டி, விளாங்குறிச்சி வட்டாரத்தில் அமெரிக்க வாடிக்கையாளருக்காக நள்ளிரவு தாண்டி வேலை பார்ப்பவர், அறையில் இன்னும் இரண்டு பேர் தூங்கும்போது நீலத்தில் தட்டினால் நட்பு நீடிக்காது. தண்டின் ஓரங்களில் மெத்தென்ற ரப்பர் வைத்த சத்தமில்லாச் சிவப்பு இத்தகையவர்களுக்கென்றே இருக்கிறது. அதன் தொடுகை சற்றே மந்தமாக இருக்கும், ஆனால் பழகிவிடும்.

தூசியையும் கணக்கில் எடுக்க வேண்டிய வட்டாரம் கொங்கு நாடு. நூற்பாலை அலுவலகத்திலும் திருப்பூரின் பனியன் கம்பெனியிலும் பறக்கும் பஞ்சு, மேலே திறந்திருக்கும் ஸ்விட்சுக்குள் புகுந்தால் விசை சிக்கும், எழுத்து விட்டுவிட்டு விழும். அப்படிப்பட்ட இடத்துக்குக் கைல் நிறுவனத்தின் ‘பாக்ஸ்’ வகையைப் பார்க்கலாம். தகடுகள் தொடும் இடத்தை ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்திருப்பதால் தூசியும் நீரும் எளிதில் எட்டாது. பவுண்டரியில் நிலைமை வேறு. விளையாட்டுக்காரர்கள் இப்போது விரும்பி வாங்கும் ‘ஹால் எஃபெக்ட்’ ஸ்விட்சுகள் காந்தத்தால் இயங்குபவை. இரும்புத் தூள் பறக்கும் இடத்துக்குக் காந்தத்தைக் கொண்டுபோவது புத்திசாலித்தனம் ஆகாது.

டேலி கணக்கு மென்பொருளில் நாளெல்லாம் எண் போடும் கணக்கருக்கு ஸ்விட்ச் இரண்டாம்பட்சம். முதலில் வலப்பக்க எண்பலகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேசையில் இடம் மிச்சமாகும் என்று 87 விசைக் கீபோர்டை வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 104 விசைதான் சரி. எண்ணிலும் 1100, 5500 என்று இரட்டைத் தட்டு வரும் என்பதால் இங்கேயும் சிவப்புக்கே வாக்கு.

முதன்முறை வாங்குபவர் ஹாட்-ஸ்வாப் வசதி உள்ளதைத் தேடுவது உத்தமம். அதில் ஸ்விட்சுகள் சால்டர் செய்யப்படாமல் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். பிடிக்காவிட்டால் கூடவே வரும் இடுக்கியால் பிடுங்கிவிட்டு வேறு செருகலாம். சுண்டுவிரல் விசைகளுக்கு மட்டும் இலகுவான ஸ்விட்ச் போடுவதும் இதில் ஐந்து நிமிட வேலை. ஆன்லைனில் பத்துப் பத்தாகவே ஸ்விட்சுகள் கிடைப்பதால் முழுசாக மாற்றும் முன் பத்தை வாங்கி, அதிகம் புழங்கும் விசைகளில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். கடையில் ஒரு நிமிடம் தட்டிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது.

வாங்கும்போது ஸ்விட்சின் கால்களை எண்ணிக்கொள்ள வேண்டும். மூன்று கால் ஸ்விட்ச் ஐந்து கால் பலகையிலும் உட்காரும். ஐந்து கால் ஸ்விட்ச் மூன்று கால் பலகையில் உட்கார வேண்டுமானால் கூடுதலாக உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிட வேண்டும். செருகும்போது செம்புக் கால் மடங்கினால் அந்த விசை வேலை செய்யாது. பதறாமல் பிடுங்கி நிமிர்த்திச் செருகினால் சரியாகிவிடும்.