குறி தப்பும் கணக்கு

1929 பிப்ரவரி 14. சிகாகோவில் ஒரு கராஜுக்குள் போலீஸ் சீருடையிலும் சாதாரண உடையிலுமாகச் சிலர் நுழைந்து, அங்கிருந்த ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஏழு பேரும் பலியானார்கள். ஆனால் கொலையாளிகளின் முக்கியக் குறி என்று கருதப்படும் தாதா பக்ஸ் மோரன் அவர்களில் இல்லை. அன்று அவர் வரத் தாமதமாகிவிட்டது. ஆள், ஆயுதம், வேஷம் எல்லாம் கச்சிதமாக அமைந்தும் குறி தப்பியது.

தாதா உலகத்தின் இந்த நிச்சயமின்மையை, முறை வைத்து ஆடும் வியூக வீடியோ கேம்களால் மிக நன்றாகக் காட்ட முடியும். அட்லாண்டிக் சிட்டியைக் களமாகக் கொண்ட ‘ஒமெர்ட்டா’ 2013-லும், சிகாகோவில் நடக்கும் ‘எம்பயர் ஆஃப் சின்’ 2020-லும் வந்தன. இரண்டிலும் சாராயத் தொழிலை நடத்துவது ஒரு பாதி, துப்பாக்கிச் சண்டை மறு பாதி. அடுத்து வரும் கேங்ஸ்டர் விளையாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்க, அந்தச் சண்டைக்குள் ஓடும் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தகைய சண்டையில் வேகமான விரல்களுக்கு வேலை இல்லை. உங்கள் ஆட்கள் தங்கள் முறையில் நகர்வார்கள், மறைவார்கள், சுடுவார்கள். பிறகு எதிரியின் முறை. சுடும் முன் திரையில் ஒரு சதவீதம் தெரியும். தூரம், ஆயுதம், சுடுபவரின் திறமை, எதிரி ஒளிந்திருக்கும் சுவர் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. 65 சதவீதம் என்றால், கணினி 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை எடுக்கும். அது 65-ஐத் தாண்டாவிட்டால் குண்டு பாயும். தாயக்கட்டையை உருட்டுவது போலத்தான் இது.

ஆனால் கணினியால் கட்டையை உருட்ட முடியாது. ‘விதை’ எனப்படும் ஓர் எண்ணில் தொடங்கி, ஒரு சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒழுங்கே இல்லாததுபோல் தோன்றும் எண் வரிசையை அது உண்டாக்குகிறது. அதே விதையைக் கொடுத்தால் அதே வரிசைதான் வரும். 2012-இல் வந்த ‘எக்ஸ்காம்: எனிமி அன்நோன்’ விளையாட்டு இந்த விதையையும் சேர்த்தே சேமித்துக்கொண்டது. அதனால் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கி அதே குண்டைச் சுட்டாலும் அது மறுபடியும் தவறியது.

இதைவிட வியப்பானது நம் மனம். 65 சதவீத வாய்ப்பில் இரண்டு முறை தொடர்ந்து தவறினால் கணினி ஏமாற்றுகிறது என்று கொதிக்கிறோம். ஆனால் எட்டில் ஒரு தடவை அப்படி நடக்கத்தான் செய்யும். 95 சதவீதம் என்றால் உறுதி என்றே எடுத்துக்கொள்கிறோம். அப்படிப் பதினான்கு முறை சுட்டால், ஒன்றாவது தவறுவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். ‘சிவிலைசேஷன்’ விளையாட்டுத் தொடரின் தந்தை சித் மெயர் 2010-இல் ஓர் உரையில் இந்த மனப்போக்கை விவரித்தார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் இருந்து தோற்றவர்கள் முறையிட்டார்கள். ஒன்றுக்கு மூன்று என்ற பலவீனத்தில் இருந்து வென்றவர்கள் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள்.

சில விளையாட்டுகள் மனதுக்கு ஏற்பக் கணக்கையே வளைத்திருக்கின்றன. ஜப்பானின் ‘ஃபயர் எம்பளம்’ தொடர், 2002-இல் வந்த பாகத்திலிருந்து இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கத் தொடங்கியது. திரையில் 90 என்று காட்டும் வாய்ப்பு உண்மையில் 98-ஐத் தொடும். ஆடுபவருக்கு அதுவே நியாயமாகத் தோன்றும்.

வரப்போகும் கேங்ஸ்டர் விளையாட்டு இந்த வழியில் போகக் கூடாது என்பது என் ஆசை. காட்டும் எண்ணும் நடக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். தவறிய குண்டின் விலையும் சண்டையோடு முடிந்துவிடக் கூடாது. அது தொழில் பாதிக்குள்ளும் நுழைய வேண்டும். நிஜத்தில் அப்படித்தான் நடந்தது. அந்த ஏழு கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கொலைகளால் எழுந்த மக்களின் கோபம், சந்தேகம் விழுந்த சிகாகோ தாதா அல் கபோன் மீது மத்திய அரசின் பிடியை இறுக்கியது. 1931-இல் வருமான வரி ஏய்ப்புக்காக அவருக்கு 11 ஆண்டுச் சிறை கிடைத்தது. சூதாட்ட விடுதியில் சிக்கிய கணக்குப் புத்தகம் அந்த வழக்கில் முக்கியச் சான்று.

துப்பாக்கியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒரே கதையாகக் கோக்கும் விளையாட்டே அந்தக் காலத்துக்கு நியாயம் செய்யும். அப்படி ஒன்று வந்தால், திரையில் 95 என்று பார்க்கும்போது மீதி ஐந்துக்கும் ஒரு திட்டம் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.