டிராக்டர் கானில் விழுந்தால் யார் கணக்கில்?

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஜெராம், காப்பார், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

விடிந்தும் விடியாத வேளை. இரவெல்லாம் மழை. டிராக்டர் ஓட்டும் இளைஞன் பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தி வருகிறான். மண்டோர் எல்லார் முன்னிலையிலும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறார். விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், குலை ஏற்றிய டிரெய்லரோடு ஈரப் பாதையில் வண்டியைத் திருப்புகிறான். நம் கடலோரக் களிமண் நனைந்துவிட்டால் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. பின் சக்கரம் வழுக்குகிறது. வண்டி கானில் சாய்கிறது. நல்ல வேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. வண்டிதான் அடி வாங்கியிருக்கிறது.

மாலையில் ஆபீசில் ஒரு தாள் நீட்டப்படுகிறது. ‘சேதத்துக்கு நானே பொறுப்பு. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.’ பையன் பயந்துபோய்க் கையெழுத்துப் போடுகிறான். வீட்டில் வாய் திறக்கவில்லை. சம்பள நாளில் பணத்தை எண்ணிப் பார்க்கும்போதுதான் மனைவிக்கு விஷயம் தெரிகிறது.

அந்தத் தாள் செல்லுமா? தீபகற்ப மலேசியாவில் செல்லாது என்பதே பதில். ஏன் செல்லாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். பள்ளிக் கட்டணத்துக்கும் அரிசிக்கும் வைத்திருந்த பணமல்லவா போகிறது!

முதலில் அந்தப் பத்து நிமிடம். தோட்ட வேலையில் நேரத்துக்கு இருக்கும் கண்டிப்பு வெறும் அதிகாரத்திலிருந்து வந்ததல்ல. ரப்பர் மரத்தில் வெயில் ஏறுவதற்கு முன் நீரழுத்தம் அதிகம். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். நம் பாட்டிமார் இருட்டோடு எழுந்து காண்டா விளக்கோடு போனதற்குக் காரணம் மரமேதான். செம்பனைக்கு வேறு அவசரம். வெட்டிய குலை அடிபட்டுக் கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும். ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பார்கள். ஒரு டிராக்டர் பிந்தினால் ஒரு வெட்டுக்காடே காத்துக் கிடக்கும். இந்தச் செம்பனைக்கும் நமக்கும் உறவு பழையது. மலாயாவில் வணிக முறையில் முதன்முதலாக அது நடப்பட்டதே நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917-ல் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தொடங்கினார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். தென்னையின் பெயரை வைத்துக்கொண்டு செம்பனைக்குத் தாய் வீடாகிவிட்டது!

ஆனால் நேரத்தைக் கணக்கெடுக்கும் பொறுப்பு எப்போதும் ஒரு பக்கத்தில்தான் இருந்து வந்திருக்கிறது. செக்ரோல் கிராணியின் கையில். அதில் பேர் விழுந்தால் நாள் உண்டு, விழாவிட்டால் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடை குறைந்தால் ‘அரைப் பேர்’ என்று பாதி நாளாக்கிவிடும் வழக்கம் நம் உறவினர்களை வாட்டிய கதையும் தெரிந்ததே.

கடிகாரம் கூட நம்மைக் கேட்டுக்கொண்டு நடந்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரம் வந்தது. கடிகாரங்கள் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன. பிறகு பழைய நேரம் திரும்பியது. 1982 ஜனவரி முதல் நாள் சபா, சரவாக்கோடு ஒத்துப்போவதற்காகத் தீபகற்பத்துக் கடிகாரங்கள் அரை மணி முன்னே போயின. கடிகாரம் போனது, சூரியன் போகவில்லை. அதுவரை ஆறரைக்கு வந்த வெளிச்சம் அதன் பிறகு ஏழு மணிக்குத்தான் வந்தது. இருட்டில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய தாய்மாருக்கு அந்த அரை மணியின் பாரம் தெரியும்.

வேலை நேரம் எவ்வளவு என்ற கேள்விக்கு நம் வட்டாரத்தில் இரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய போராட்டம் கோல சிலாங்கூர் வரை பரவியது. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பது அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. துரைமார் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. எட்டு மணி வேலையையும் சைக்கிளையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியிருந்த காலம்! இராணுவம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இன்று நிலைமை எழுத்தில் இருக்கிறது. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60A பிரிவின்படி நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் இடையில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும். வாரத்துக்கு 48 மணி என்றிருந்ததை 2023 ஜனவரி முதல் 45 மணியாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு மேல் செய்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு. இதே சட்டத்தின் 16-ம் பிரிவு தோட்டத் தொழிலாளிக்கென்றே உள்ளது. நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு மாதத்தில் 24 நாளாவது வேலை கொடுக்க வேண்டும். அவர் வேலைக்குத் தயாராக இருந்தும் கொடுக்க முடியாவிட்டால், அந்த நாட்களுக்கும் சம்பளம் தர வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. வேலை நேரம் என்றால் கையில் கத்தி இருக்கும் நேரம் மட்டுமல்ல. முதலாளியின் ஏவலுக்குக் காத்திருந்து, தன் விருப்பம்போல் போக வர முடியாத நேரம் முழுவதும் வேலை நேரமே என்கிறது சட்டம். டிராக்டர் பழுதாகி, பட்டறை ஆள் வரும்வரை மர நிழலில் குந்தியிருக்கச் சொன்னால் அந்த இரண்டு மணியும் உங்கள் நேரமல்ல, தோட்டத்தின் நேரம். ‘வண்டி ஓடவில்லை, ஆகவே மணியும் ஓடவில்லை’ என்று கிராணி சொல்ல முடியாது.

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வராத நேரத்துக்கு நாம் சம்பளம் கேட்க முடியாது. முன்கூட்டி விடுப்புக் கேட்காமல், தகுந்த காரணமில்லாமல், தகவல் சொல்ல முயற்சி கூடச் செய்யாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் வராமலிருந்தால் வேலை ஒப்பந்தத்தை நாமே முறித்ததாக ஆகிவிடும். தீபாவளி முடிந்து மூன்றாம் நாளும் ஊரில் தங்கிவிடும் நம் வழக்கம் எத்தனை வேலைகளைத் தின்றிருக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சேதமும் சம்பளமும்

இப்போது கானில் கிடக்கும் டிராக்டருக்கு வருவோம்.

சம்பளத்திலிருந்து எதையெதைப் பிடிக்கலாம் என்பதற்கு 24-ம் பிரிவில் ஒரு பட்டியல் உண்டு. கடந்த மூன்று மாதத்தில் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்துவிட்ட சம்பளம், வட்டியில்லாமல் கொடுத்த முன்பணம், முன்னறிவிப்பின்றி விலகினால் தர வேண்டிய தொகை, இ.பி.எப்., சொக்சோ போன்று மற்றச் சட்டங்கள் அனுமதிப்பவை. நாமே எழுதிக் கேட்டுக்கொண்டால் சங்கச் சந்தா, கூட்டுறவுக் கடன் போன்றவை. இன்னும் சிலவற்றுக்கு நம் எழுத்தோடு தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். சில விலக்குகள் தவிர, எல்லாம் சேர்ந்தாலும் மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உடைந்த இயந்திரத்தின் விலை இந்தப் பட்டியலில் இல்லை. பிந்தி வந்ததற்கு அபராதமும் இல்லை. பட்டியலில் இல்லாததைப் பிடிக்கக் கூடாது.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று சோர்ந்துவிட வேண்டாம். சட்டம் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று 7-ம் பிரிவு சொல்கிறது. பயத்தில் போட்ட கையெழுத்தானாலும் சிரித்துக்கொண்டே போட்ட கையெழுத்தானாலும் அப்படித்தான்.

அப்படியானால் முதலாளி கை கட்டி நிற்க வேண்டியதா? இல்லை. தொழிலாளி தவறு செய்ததாகக் கருதினால் முறையாக விசாரிக்கலாம். விசாரணைக்காக இரண்டு வாரம் வரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம், ஆனால் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் மீதியையும் கொடுத்துவிட வேண்டும். குற்றம் நிரூபணமானால் வேலையிலிருந்து நீக்குவது வரை தண்டனை உண்டு. நஷ்டத்துக்குக் கோர்ட்டில் வழக்கும் போடலாம். குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தவனுக்கும், ஆத்திரத்தில் எஞ்சினில் மண்ணைப் போட்டவனுக்கும் இந்தக் கட்டுரை வக்காலத்து வாங்கவில்லை. விசாரிக்காமல் சம்பளக் கவரில் கை வைப்பதுதான் கூடாது.

இந்தியாவில் 1936-ம் ஆண்டுச் சம்பளச் சட்டம் வேறு வழியில் போனது. தொழிலாளியிடம் குறிப்பாக ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் நேரடியாகக் கெட்டால் பிடித்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் நஷ்டத்துக்கு மேல் ஒரு காசு பிடிக்கக் கூடாது, அவருடைய பதிலைக் கேட்காமலும் பிடிக்கக் கூடாது என்று கட்டியது. அங்கே வசூலித்த அபராதப் பணம் கூடத் தொழிலாளர் நன்மைக்கே செலவாக வேண்டும் என்று விதி இருந்தது. நம் நாட்டுச் சட்டம் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. என் மனத்துக்கு இதுவே சரியாகப் படுகிறது. காரணம் சொல்கிறேன்.

பயம் மறைக்கும் பழுது

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஓட்டிக்குத் தெரிகிறது. சொன்னால் ‘நீதான் கெடுத்தாய்’ என்று பணம் பிடிப்பார்களோ என்ற பயம். சொல்லாமல் ஓட்டுகிறான். மறுநாள் வேறொருவன் அதே வண்டியில் ஏறுகிறான். செம்பனை வெட்டும் மோட்டார்க் கத்தியின் தண்டில் கீறல் விழுகிறது. கம்பி சுற்றி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். மருந்து பம்பின் குழாய் கசிகிறது. துணியைக் கட்டி முதுகில் சுமக்கிறாள் ஒரு தாய், களைக்கொல்லி அவள் முதுகில் இறங்குகிறது. இயந்திரத்துக்காகச் சம்பளத்தில் கை வைக்கும் இடத்தில் பழுதுகள் மறைக்கப்படும். கடைசியில் அடிபடுவது மனித உடம்பு.

1994-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பழுதில்லாத இயந்திரத்தையும் தகுந்த பயிற்சியையும் கொடுப்பது முதலாளியின் கடமை. பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கவும் கூடாது. தன் பாதுகாப்பிலும் பிறர் பாதுகாப்பிலும் கவனமாக இருப்பது தொழிலாளியின் கடமை. 2024 ஜூனிலிருந்து, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்திருக்கிறது.

அடிபட்டதை மறைப்பவர்கள் இன்னொன்றையும் இழக்கிறார்கள். வேலை விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. ‘இடுப்பில் சின்ன வலிதான்’ என்று சொல்லாமல் விட்டு, ஆறு மாதம் கழித்து எழுந்திருக்க முடியாமல் போனால், அது டிராக்டரில் விழுந்த அடி என்று எதைக் காட்டுவது? இப்போது நம்மவர்களில் பலர் தோட்டத்தில் குடியில்லை. தாமானிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்குப் பறக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ உண்டு என்பதை மனைவிமார் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சொல்லச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. இன்று பல தோட்டங்களில் குலை வெட்டுகிறவர் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி. பேர் எழுதும் மண்டோர் நம் ஆள். பத்து நிமிடம் பிந்திய வங்காளதேசிப் பையனுக்கு அரை நாளை வெட்டும் பேனா சில இடங்களில் நம் கையில் இருக்கிறது. மொழி தெரியாத அவனிடம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவதும் நாமாக இருக்கலாம். வேலைச் சட்டம் அவனுக்கும் அதேதான். 2019 முதல் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பும் அவனுக்கு உண்டு. நம் தாத்தாவின் பேரை வெட்டிய கிராணியைப் பற்றி வீட்டில் கதை சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

அந்த இளைஞன் என்ன செய்யலாம்? விழுந்த அன்றே, அடிபட்டதையும் வண்டி சாய்ந்ததையும் ஆபீசில் சொல்லிவிட வேண்டும். கைத்தொலைபேசியில் பாதை, சக்கரம், கான் எல்லாவற்றையும் படம் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நின்றவர் பேரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பணம் பிடிக்கப்பட்டிருந்தால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக உள்ளவர் சங்கத்தை நாடலாம். மற்றவர்கள் நேரே தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். சம்பளத் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்த இலாகாவுக்கு இருக்கிறது.

முதலாளி தன் பதிவேடுகளை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நம் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும். பிள்ளைகள் பாதி எழுதிப் போட்ட பழைய பள்ளிக் கொப்பி போதும். நாள், பெரட்டுக்குப் போன மணி, வேலை விட்ட மணி, ஓட்டிய வண்டி, அதில் கண்ட பழுது, அதை யாரிடம் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்கு எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் எழுதித் தரலாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம்.