தொழில் புரிவோரும் இணையவழிப் பட்டப் படிப்பும்

உயர்கல்வி கற்போரை இரு திறத்தினராகப் பகுக்கலாம். கற்றலையே முழுநேரப் பணியாகக் கொண்டு பல்கலைக்கழகத்தின்கண் உறைவோர் ஒரு திறத்தினர். பகலெல்லாம் ஊதியத்துக்காக உழைத்து, எஞ்சிய பொழுதிலே கற்போர் மற்றொரு திறத்தினர். இவ்விரண்டாந் திறத்தினர் இணையவழிக் கல்விக்குத் தம்மை எவ்வாறு இசைவித்துக்கொள்ளலாம் என்பதைக் கேகாலை மாவட்டத்துக் கரவனெல்லப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவிசாவளையிலிருந்து அற்றனுக்கு ஏறுகின்ற பெருந்தெருவும், கேகாலையிலிருந்து புளத்கொகுப்பிட்டி ஊடாக வருகின்ற தெருவும் கூடுமிடம் கரவனெல்ல. சூழவுள்ள குன்றுகளில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. இலங்கையில் இறப்பர் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் கேகாலை முதன்மையானது. இத்தோட்டங்களின் லயன்களிலே பிறந்து, உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத இளைஞரும் யுவதியரும் உளர். அவர்கள் தொழிலை விடுத்துக் கற்றல் இயலாது. ஏனெனில் அவர்தம் ஊதியம் அவர்க்கு மாத்திரம் உரியதன்று. தம்பி தங்கையரின் பள்ளிச் செலவும், கடைக் கடனும், பெற்றோரின் மருந்தும் அதனையே நம்பியுள்ளன. ஆகவே தொழிலோடு கற்றல் என்பது இவர்களுக்குப் பல வழிகளுள் ஒன்றன்று. உள்ள ஒரே வழியாகும்.

இவ்வழி புதியதுமன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலே, தன்பால் வந்து கல்லாதாரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாமென விதி வகுத்தது. கொழும்பிலே 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும் வரையில், மாணவரை அவ்விலண்டன் தேர்வுகளுக்கே ஆயத்தஞ் செய்தது. பகலிற் பாடஞ்சொல்லி, இரவில் விளக்கடியிலிருந்து படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியர் பலர் நம் நாட்டில் இருந்தனர். ஆசிரியராக வாழ்வு தொடங்கிய விபுலானந்த அடிகள், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், பின்னர் இலண்டன் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தியமை யாவரும் அறிந்ததே. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் பணி தொடங்கியபின் இவ்வாய்ப்பு விரிந்தது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலே தகவல் தொழினுட்பத்தில் வெளிவாரிப் பட்டமொன்றைத் தொடங்கிற்று. 2020இல் கொள்ளைநோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் இணையத்துக்கு மாறின. அதனால், முன்னர்க் கொழும்புக்கோ கேகாலைக்கோ பேருந்தேறிச் சென்று கேட்கவேண்டியிருந்த பாடங்கள் பல, கையடக்கத் தொலைபேசியின் வழியே லயன் அறையையும் எட்டலாயின.

எனினும் ஈண்டு ஒன்றைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். இணையவழிக் கல்வி தூரத்தைக் குறைக்கும். நேரத்தைக் கூட்டித் தராது. இவ்வேறுபாட்டை உணராமையே இடைவிலகலுக்குப் பெருங்காரணமாகின்றது.

இதனைக் கணக்கினால் விளக்குவாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, கிரெடிற் என்னும் ஓர் அலகு மாணவனின் ஐம்பது மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிற் வேண்டும். ஆண்டுக்கு 30 எனின் 1,500 மணித்தியாலமாகும். ஐம்பது வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 30 மணித்தியாலம் வரும். ஒரு வாரத்திலுள்ள மணித்தியாலங்களோ 168. அவற்றுள் வேலைக்கு 45, உறக்கத்துக்கு 49 போக எஞ்சுவன 74. பயணம், சமையல், துவையல், குடும்பக் கருமங்கள் ஆகியவற்றுக்கு நாற்பது போயின் மிஞ்சுவன 34. அதனுள்ளே முப்பதைக் கல்விக்கு ஒதுக்குபவனுக்கு ஒருநாட் காய்ச்சல் வந்தாலும் திட்டம் முழுவதும் சரியும். ஆதலின், நிறுவனத்தின் விதிகள் இடந்தருமாயின், பாதிச் சுமையை ஏற்று ஆறாண்டிற் கற்றலே அறிவுடைமை. வாரத்துக்குப் பதினைந்து மணித்தியாலம் என்பது ஏறக்குறைய நாளொன்றுக்கு இரண்டாகும். இது கைக்கெட்டும் அளவு. மெல்லக் கற்றல் இழிவன்று. கட்டணஞ் செலுத்தி முதலாண்டிலேயே கைவிடுதல்தான் குடும்பத்துக்கு நட்டமும், பின்வரும் தம்பி தங்கையர்க்கு அச்சமும் ஆகும்.

இனி, அவ்விரண்டு மணித்தியாலம் எப்பொழுது அமைதல் வேண்டும்? அது தொழிலின் இயல்பைப் பொறுத்தது. இறப்பர் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே பால்வெட்டும் தொழிலாளி இருள் பிரியுமுன் எழல் வேண்டும். அவர் இரவு பத்து மணிவரை நேரடி விரிவுரை கேட்பாராயின் மறுநாள் கத்தியும் பிழைக்கும், பாடமும் பிழைக்கும். பால் நிறுத்துக் கொடுத்தபின் சற்று உறங்கி, பிற்பகலிற் கற்றலே அவர்க்கு ஏற்றது. அவிசாவளைச் சீதாவக்கைக் கைத்தொழிற் பேட்டையில் முறைமாறி வேலை செய்பவர் கடிகார மணியைக் குறித்துக்கொள்ளல் பயனற்றது. வேலை முடிந்து உண்டு இளைப்பாறிய பின் என்று, பொழுதைத் தொழில்முறையோடு பிணைத்தல் வேண்டும். தோட்டப் பாடசாலை ஆசிரியர்க்கோ வார இறுதியும் விடுமுறையும் கைகொடுக்கும்.

பதிவுசெய்யப்பட்ட விரிவுரை இவர்களுக்கு நல்ல துணை. ஆயினும் அதுவே பொல்லாத பகையுமாகும். “நாளை கேட்கலாம்” என ஒதுக்கியவை பத்தாகித் திரண்டபின் அவற்றை எவரும் கேட்பதில்லை. கேட்டல் மாத்திரமும் கல்வியாகாது. எபிங்கௌசு என்னும் செர்மானிய அறிஞர், கற்றவை முதல் நாட்களிலேயே விரைந்து மறைகின்றன என்பதை 1885இல் வெளியிட்டார். அமெரிக்க உளவியலாளர் உரோடிகர், கார்ப்பிக்கே ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்விலே, பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தோரினும், நூலை மூடி நினைவுகூர்ந்து எழுதியோரே ஒரு வாரத்தின்பின் மிகுதியாக நினைவிற் கொண்டிருந்தனர். தொழில் புரிவோர்க்கு இது நற்செய்தியாம். நினைவுகூர்தற்குத் தொலைபேசியும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. மரத்துக்கு மரம் நடக்கையிலும் பேருந்திற் செல்கையிலும் முதல்நாட் பாடத்தைத் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தல் இயலும்.

அடுத்து நோக்கத்தக்கது மொழி. தமிழிற் பயின்று உயர்தரம் தேறிய மாணவர்க்குப் பல பட்டநெறிகள் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. அந்நிலையில் ஒரு பக்கத்தைப் படிக்கப் பிறரினும் இருமடங்கு நேரஞ் செல்லலாம். இதனை அறிவுக் குறைவெனக் கருதி மனந்தளர்தல் தவறு. கலைச்சொற்களைக் குறிப்பேட்டிலே எழுதி, பொருளைத் தமிழில் விளங்கி, விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவோர்க்கு நாளடைவில் அத்தடை தளரும்.

வீட்டின் உடன்பாடு இன்றி இவை யாதும் நிலைபெறா. ஒரே அறையிலே சமையலும் உறக்கமும் தொலைக்காட்சியும் நிகழுமிடத்து, ஒப்படை எழுதுபவர்க்கு அமைதி தானாக வாய்க்காது. பெண்பிள்ளைக்கு வேலை முடிந்து வந்தபின்னும் அடுப்படி காத்திருக்கும். எனவே தொடக்கத்திலேயே பெற்றோரோடும் துணைவரோடும் பேசி, எந்தப் பொழுது படிப்புக்குரியது, எந்த வேலையை யார் ஏற்பது என முடிவுசெய்தல் நன்று. 2022இன் தொடக்கத்திலே நாடெங்கும் நீண்ட மின்வெட்டு ஏற்பட்டமையை நாம் மறந்திலோம். மின்சாரமும் அலைவரிசையும் உள்ளபோதே பாடங்களைத் தரவிறக்கி வைப்பதும், ஒப்படையை இறுதி நாளுக்கு இரு நாள் முன்னரே அனுப்புவதும், மழை மிகுந்த இப்பகுதியினர்க்கு இன்றியமையாத ஒழுங்குகளாம்.

இவையனைத்தும் மாணவர் தம் முயற்சியாற் செய்யத்தக்கவை. தனிமையை மாத்திரம் எவரும் தனித்து வெல்லுதல் அரிது. பல்கலைக்கழகத்தில் உறைவோர்க்குப் பக்கத்து அறையிலே தோழன் உளன். லயன் அறையிலிருந்து கற்பவர்க்கு ஐயம் கேட்க ஆளில்லை. இங்கேதான் கல்லூரிகளின் கடமை தொடங்குகின்றது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு வகுப்பறையை மின்விளக்கோடும் இணைய வசதியோடும் திறந்துவைத்தல் பெருஞ்செலவன்று. ஆங்கிலமும் கணிதமும் அறிந்த ஆசிரியர் வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஈந்தால் பலர் கரையேறுவர். பட்டம் பெற்ற பழைய மாணவர் ஒவ்வொருவரும், தொழிலோடு கற்கும் ஒருவரைப் பொறுப்பேற்று, மாதமொருமுறையேனும் “எவ்வளவு முடித்தாய்?” என வினவுவாராயின், இடையில் நிற்க எண்ணுபவரும் தொடர்ந்து கற்பர். தூரத்தைக் கருவி குறைத்துவிட்டது. நேரத்தை மாணவர் ஒழுங்குசெய்வர். துணையை நல்குதல் நம் பொறுப்பாகும்.