மலையேறப் பழகலாம்: மாடிப்படியில் இருந்து பனிமலை வரை

நம்ம இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வியோட இன்னைக்கு ஆரம்பிக்கலாம். "இதுவரைக்கும் மலையே ஏறினதில்ல. டிசம்பர்ல கேதார்காந்தா போகலாம்னு இருக்கேன். என்ன ஷூ வாங்கலாம்?"

ஷூவுக்கு வருவோம். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மலையில உச்சிங்கிறது பாதி வழிதான். களைச்சுப்போன காலோட, வெளிச்சம் குறையற நேரத்துல இறங்குறது மீதிப் பாதி. விபத்துக்கு வாய்ப்பு அங்கதான் அதிகம். அதனால, தப்பு நடந்தாலும் சின்னதா முடியற இடத்துல முதல்ல பழகணும். மாடிப்படி, ஒரு நாள் மலை, ஒரு ராத்திரி கேம்ப், அப்புறம்தான் இமயமலை. அந்த வரிசையிலயே போவோம்.

1. மாடிப்படி

ஒரு மாடி உயரம் தோராயமா 3 மீட்டர். அஞ்சு மாடிக் கட்டடத்தை 20 தடவை ஏறினா 300 மீட்டர் ஏற்றம். வாரம் மூணு நாள், கொஞ்சம் கொஞ்சமா கூட்டி அங்க வாங்க. பேக்குல எடைக்குத் தண்ணி பாட்டில் போடுங்க. முட்டி வலிச்சா, மேல போய் அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு லேசா இறங்குங்க.

இந்த மீட்டர் கணக்கு எதுக்குன்னா, 1892-ல ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நைஸ்மித் ஒரு விதி சொன்னார். இன்னைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்தறாங்க. 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலா ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம்னா மூணு மணி நேரம். புதுசா போறவங்க அதை ஒன்றரை மடங்கா வெச்சுக்கங்க.

இந்தக் கணக்கை வெச்சு, "எத்தனை மணிக்குத் திரும்பணும்"னு அடிவாரத்துலயே முடிவு பண்ணிடுங்க. ஒரு மணின்னு முடிவு பண்ணினா, உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் ஒரு மணிக்குத் திரும்பிடணும். மேல போனப்புறம் ஆசை முடிவெடுக்கும். கீழ நிக்கும்போது மூளை முடிவெடுக்கும்.

2. ஒரு நாள் மலை

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில நடந்த காட்டுத்தீயை மறந்திருக்க மாட்டீங்க. 20 பேருக்கு மேல இறந்தாங்க. கோடைத் தொடக்கத்துல புல்லெல்லாம் காய்ஞ்சு கிடக்கும். தீ சரிவுல கீழ இறங்குறதைவிட மேல ஏறும்போது ரொம்ப வேகமாப் போகும். நாம ஓடி ஜெயிக்க முடியாது. சீசன், அனுமதி, வெளியேறும் வழி இதெல்லாம் வெறும் ஃபார்மாலிட்டி இல்லங்கிறதுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

இப்போ வழி சுலபம். 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 பாதைகளோட தொடங்கினாங்க. ஆன்லைன்ல புக் பண்ணலாம். எளிது, மிதம், கடினம்னு பிரிச்சிருக்காங்க. அந்தந்த மலைப் பகுதி மக்களே வழிகாட்டியா வர்றாங்க. 'எளிது'ல ஆரம்பிங்க. வழிகாட்டிகிட்ட பேச்சுக் கொடுங்க. யானைச் சாணம் புதுசா பழசான்னு பார்க்கறது, மேகத்தைப் பார்த்து மழை சொல்றதெல்லாம் எந்த யூடியூப் வீடியோவும் இவ்ளோ நல்லா சொல்லித் தராது.

இப்போ ஷூ. மதியத்துக்கு மேல பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது வாங்குங்க. சாக்ஸ் போட்டுப் பாருங்க. இறங்கும்போது கட்டைவிரல் முன்னாடி இடிக்கக் கூடாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைஞ்ச பருத்தி லேசுல காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிடும்.

3. ஒரு ராத்திரி

பேக்பேக்கிங்னா வீட்டை முதுகுல தூக்கிட்டுப் போறது. பேக் உங்க உடல் எடையில அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டாம பார்த்துக்கங்க. கனமான சாமான் முதுகை ஒட்டி, நடுவுல. இடுப்பு பெல்ட்டை முதல்ல இறுக்குங்க. எடையைச் சுமக்க வேண்டியது இடுப்பு, தோள் இல்ல.

டென்ட்டை முதல் தடவை காட்டுல பிரிக்காதீங்க. மொட்டை மாடியில, லைட்டை அணைச்சிட்டு, ஹெட்லேம்ப் வெளிச்சத்துல போட்டுப் பழகுங்க. அடுப்பை டென்ட்டுக்குள்ள பத்த வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கேம்ப் எங்க போடணும்னா, அனுமதி உள்ள இடத்துல மட்டும்.

4. இமயமலை

தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். கேதார்காந்தா உச்சி சுமார் 3,800. அதாவது நம்ம ஊர் மலைகள்ல எவ்ளோ பழகினாலும், குறைஞ்ச ஆக்சிஜன்ல உங்க உடம்பு எப்படி நடந்துக்கும்னு தெரியாது. மாரத்தான் ஓடுறவங்களுக்கும் உயர நோய் வரும்.

3,000 மீட்டருக்கு மேல போனா, ராத்திரி தூங்கற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க. மூணு நாலு நாளைக்கு ஒருமுறை ஓய்வு. தலைவலி, குமட்டல், அசதி சேர்ந்து வந்தா மேல ஏறாதீங்க, மறைக்காம லீடர்கிட்ட சொல்லுங்க. நேர்க்கோட்டுல நடக்க முடியாம தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது அவசரநிலை. ராத்திரியா இருந்தாலும் உடனே இறக்கணும். மாத்திரை பத்தி கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேளுங்க.

5. கயிறும் பனியும்

ட்ரெக்கிங் வேற, மவுன்டனீயரிங் வேற. பனிச்சரிவுல வழுக்கினா ஐஸ் ஆக்ஸால தன்னைத் தானே நிறுத்துறதை வீடியோ பார்த்துக் கத்துக்க முடியாது. டார்ஜிலிங்ல 1954-ல தொடங்கின ஹிமாலயன் மவுன்டனீயரிங் இன்ஸ்டிடியூட், உத்தரகாசியில 1965-ல தொடங்கின நேரு இன்ஸ்டிடியூட் ஆஃப் மவுன்டனீயரிங் ரெண்டுலயும் பேசிக் கோர்ஸ் இருக்கு. கிட்டத்தட்ட நாலு வாரம். முடிச்சு, பாறை ஏற்றம், ராப்பெலிங், பனியாற்று நடை எல்லாம் பயிற்சியாளர் கண் முன்னாடி. அதுல 'ஏ' கிரேடு வாங்கினாதான் அட்வான்ஸ்டு கோர்ஸ். சீட் சீக்கிரம் நிரம்பிடும், மாசக்கணக்குக்கு முன்னாடியே பார்த்து வைங்க.

அப்போ டிசம்பர்? ஆறு மாசம் கையில இருந்தா, முதல் மூணு படியையும் முடிச்சிட்டு தாராளமா போகலாம். ஒரு மாசம்தான் இருக்குன்னா, இந்த வருஷம் ஏலகிரி, ஏற்காடு. கேதார்காந்தா எங்கயும் போயிடாது.

இந்த வார வீட்டுப்பாடம்: லிஃப்ட்டை மறந்துட்டு படியில ஏறுங்க, எத்தனை மீட்டர்னு கணக்குப் போட்டு எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!